அரிசி மூட்டைக்கு இருந்த இடம்

பெண் வீட்டாருக்கு அனுப்பிய படத்தில் பெனடிக்ற் தன்னுடைய சிவப்பு மோட்டார் சைக்கிளோடு நிற்கிறான். நிற்கிற விதம்தான் கொஞ்சம் கோணல். இடுப்பை ஒரு பக்கம் வளைத்து, கழற்றிய ஜாக்கெற்றைக் கைப்பிடியிலிருந்து கீழே தொங்கவிட்டு, கால் சுளுக்கியவன் மாதிரி ஒரு முழங்காலை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கிறான். படம் எடுத்தவர் யேசுரட்ணம். அவனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். லண்டன் பிளேஸ்டோவில் அவன் அறை எடுத்திருந்த வீட்டின் சொந்தக்காரர். நேராக நில்லடா என்று அவர் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். அவன் கேட்கவில்லை. நேராக நின்றால் எல் தட்டு தெரிந்துவிடும்.

ஓட்டப் பழகுகிறவன் வண்டிக்கு முன்னும் பின்னும் வெள்ளைத் தட்டில் சிவப்பாக எல் என்ற ஆங்கில எழுத்தைக் கட்டிக்கொண்டுதான் லண்டன் தெருவில் இறங்கலாம். நிரந்தர வேலை, சொந்த வாகனம் என்றெல்லாம் மன்னாரில் இருந்த பெண் வீட்டாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, ‘நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்’ என்ற அட்டையோடு எப்படிப் படத்துக்கு நிற்பது? ஆகவே மறைத்தான். அதையாவது ஒழுங்காக மறைத்தானா என்றால் அதுவும் இல்லை. ஜாக்கெற்றின் ஓரத்தால் வெள்ளையாக ஒரு மூலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. படம் தபாலில் போன பிறகுதான் அதைக் கண்டுபிடித்தான்.

அவனையும் சும்மா சொல்லக்கூடாது. அந்த வண்டியில் ஆசை வைக்க நியாயம் இருந்தது. டகன்ஹாமில் ஒரு பழக் கிடங்கில் அவனுக்கு வேலை. முதல் பஸ் புறப்பட முன்னமே ஷிப்ட் தொடங்கிவிடும். ஒரு முழுக் குளிர்காலம் யார் யாருடைய வானிலோ தொற்றிக்கொண்டு போய், நேரம் பிந்தி வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன். கூட வேலை செய்த ஒருவர் ஜமேக்காவுக்குத் திரும்பிப் போகும்போது இந்த வண்டியை மலிவாக அவன் தலையில் கட்டினார். நூற்றிருபத்தைந்து சீசீ. பழகுகிறவனுக்குச் சட்டம் அதற்கு மேல் கொடுக்காது. பெற்றோல் குடிப்பது பூனை பால் குடிக்கிற அளவுதான். பனி கொட்டுகிற காலையிலும் ஒரே உதையில் பிடிக்கும். கார்கள் வரிசையில் நின்று பெருமூச்சு விடும்போது நடுவால் நழுவிப் போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கழுவித் துடைத்து முன்வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே போய் யன்னலால் ஒருமுறை பார்ப்பான். அப்படி ஒரு சந்தோஷம்.

குறையும் இருந்தது. மோட்டர்வே பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. லொறி ஒன்று பக்கத்தால் போனால் வண்டியும் ஆளும் ஒரு முழம் தள்ளிப் போய்விடுவார்கள். எதிர்காற்றில் நாற்பது மைல் வேகத்தை எட்டுவதற்குள் பாதி வழி முடிந்துவிடும். மழை நாளில் பனியன் வரை ஈரம். இதையெல்லாம் பெனடிக்ற் பொறுத்துக்கொண்டான். அவனால் பொறுக்க முடியாமல் இருந்தது பின் இருக்கை ஒன்றுதான். நல்ல நீளமான கறுப்பு இருக்கை, இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம். ஆனால் எல் தட்டு உள்ளவரை அதில் ஒருவரையும் ஏற்றக்கூடாது. நம் சனங்களுக்கு இது விளங்கவே இல்லை. கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வருகிற பெரியவர்கள் ‘தம்பி, அந்தச் சந்தியில இறக்கிவிடு’ என்பார்கள். அவன் சட்டம் சொல்லத் தொடங்குவான். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். பெனடிக்ற்றுக்குத் தலைக்கனம் என்று கோயில் பங்குச் சனம் முழுக்கக் கதை வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு மாசியில் மேரிறோஸ் வந்து சேர்ந்தாள். பங்குக் கோயிலில் கலியாணம் நடந்தது. யேசுரட்ணம் வீட்டு முன்னறையில் குடித்தனம் தொடங்கியது. வந்த சில நாட்களில் அவள் முன்வாசலுக்குப் போய், வண்டிமேல் போட்டிருந்த தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். பெனடிக்ற் பின்னாலேயே போய் நின்றான்.

“படத்தில வெள்ளையாத் தெரிஞ்சது இதுதானோ?”

“ஓம்.”

“இது என்னத்துக்கு?”

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவள் முகம் கறுக்கும் என்று எதிர்பார்த்தான். கறுக்கவில்லை. அவள் கேள்வி கேட்கத் தொடங்கினாள். இந்தத் தட்டை யார் கொடுப்பது? காற்றில் கழன்று விழுந்தால் என்ன செய்வார்கள்? டெஸ்ற்றை யார் வைப்பது, அவரும் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிளில் வருவாரா? இல்லை, அவர் தெருவோரம் நடந்துகொண்டே பார்ப்பார், நாங்கள்தான் அவரைச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும் என்று பெனடிக்ற் சொன்னபோது அவளுக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. அவர் பார்க்காத தெருவில் என்ன செய்தோம் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவன் தமிழ்க் கடையிலிருந்து இருபது கிலோ அரிசி மூட்டையைப் பின் இருக்கையில் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தான். மேரிறோஸ் கயிற்றை அவிழ்க்க உதவினாள். மூட்டையையும் இருக்கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அரிசி இருக்கலாம். நான் இருக்கேலாது,” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. புது நாட்டின் வினோதம் ஒன்றைத் தெரிந்துகொண்டவள் மாதிரித்தான் சொன்னாள். அவனுக்குத்தான் சுருக்கென்றது.

பஸ்ஸில் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். போனார்கள். பஸ்ஸில் அவள் யன்னலோரம் இருந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்ப்பாள். அவன் என்ன பேசலாம் என்று யோசித்து முடிப்பதற்குள் தெரிந்த முகம் ஒன்று ஏறி, எப்ப வந்தனீர், ஊர் எப்படி என்று தொடங்கிவிடும். வீட்டில் அதற்கு மேல். முன்னறைக்கும் டிவி அறைக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர். யேசுரட்ணத்தின் மனைவி கத்தரின் அக்கா அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் அலுமாரி அதிரும். தேத்தண்ணி குடிக்கிறியளோ, ஓம், மழை வருமோ, வரும் போலதான். இவ்வளவுதான் புருஷன் பெண்சாதிப் பேச்சு. இவ்வளவு கேள்வி கேட்கிற ஒருத்தி தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று பெனடிக்ற்றுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது.

ஒருநாள் அவள், லண்டன் முழுக்கத் தட்டைதானோ, மேலே நின்று பார்க்க ஓரிடமும் இல்லையோ என்று கேட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஷூட்டர்ஸ் ஹில் என்று ஒரு குன்று இருக்கிறது, வூலிச் பெரி என்கிற படகில் வண்டியோடு கடந்து போகலாம், காசு கேட்கமாட்டார்கள் என்று அவன் சொன்னான். சொல்லும்போதே மனசில் முடிவு செய்துவிட்டான். அவளை அங்கே பின்னால் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். யாரும் இல்லாமல், இரண்டு பேரும் மட்டும். அதற்கு டெஸ்ற் பாஸ் பண்ண வேண்டும். புரட்டாதி முடிவதற்குள் பண்ண வேண்டும். அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிளுக்குப் பழகுகிற லைசன்ஸ் இரண்டு வருஷம்தான் செல்லும். அதற்குள் பாஸ் பண்ணாதவன் ஒரு வருஷம் வண்டியைத் தொடக்கூடாது. பெனடிக்ற்றுக்கு அந்த இரண்டு வருஷம் புரட்டாதியோடு முடிகிறது.

சித்திரையில் முதல் டெஸ்ற் வந்தது. வண்டி ஓட்டத்தில் அவனை ஒருவரும் குறை சொல்ல முடியாது. வளைவுகளில் தண்ணீர் மாதிரி ஓடுவான். திடீரென்று நிறுத்தச் சொன்னால் சில்லு வழுக்காமல் நிறுத்துவான். பிரச்சினை எங்கே என்றால், டெஸ்ற் வைக்கிற தெருவில் ஒரு கத்தோலிக்கக் கோயில் இருந்தது. கோயிலைக் கடந்தால் பெனடிக்ற்றின் வலது கை தன்பாட்டில் நெற்றிக்குப் போகும். நெற்றி, நெஞ்சு, இடத் தோள், வலத் தோள். அறிவு தெரிந்த நாள் முதல் போகிற கை அது. மோட்டார் சைக்கிளில் வேகத்தைப் பிடித்திருப்பதும் அதே கைதான். கை போனது, வண்டி சோர்ந்தது, பின்னால் வந்த கார்க்காரர் ஹோர்ன் அடித்தார். நடைபாதையில் நின்ற பரீட்சகர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிய பிறகு அவர் மரியாதையாகக் கேட்டது, நீங்கள் யாருக்குச் சிக்னல் காட்டினீர்கள் என்பதுதான். பெனடிக்ற் மேலே கையைக் காட்டினான். அவர் வானத்தைப் பார்த்துவிட்டுப் பெயில் என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் கவுன்சில் நடத்துகிற பயிற்சிக்குப் போகத் தொடங்கினான். ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் கூம்புகள் அடுக்கி வைத்துப் பழக்குவார்கள். மேரிறோஸும் பார்க்க வந்தாள். அவன் மோட்டார் சைக்கிளில், அவள் பஸ்ஸில். புறப்படுவது ஒரு வாசல், போய்ச் சேர்வது ஒரு வாசல், வழி மட்டும் இரண்டு. பழக்குகிற ஆங்கிலேயர் குளிருக்கு மூக்குச் சிவந்த, கலகலப்பான மனிதர். அவள் சும்மா நிற்கவில்லை. தன் ஆங்கிலத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு போய் அவரிடம், இந்தப் பின் இருக்கையில் ஒருவருமே இருக்கக்கூடாதா, உண்மையாக ஒருவருமேயா என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். ஒருவர் இருக்கலாம் என்றார். முழு மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் உள்ளவர் பின்னால் இருந்தால் எல் தட்டோடு ஓடுகிறவர் அவரை ஏற்றிக்கொண்டு போகலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. பிற்காலத்தில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அது இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் இருக்கும்போது மேரிறோஸ் விஷயத்தைச் சொன்னாள். தான் மோட்டார் சைக்கிள் பழகப் போகிறாள். பாஸ் பண்ணப் போகிறாள். பண்ணினால் பெனடிக்ற்றுக்குப் பின்னால் இருக்கலாம்.

யேசுரட்ணம் விழுந்து விழுந்து சிரித்தார். கத்தரின் அக்கா சிரிக்கவில்லை.

“பின்னால இருக்கிறதுக்கு முன்னால இருந்து பழகிறதோ? இதென்ன புதினமடி,” என்றாள்.

“ஓம் அக்கா. அப்பிடித்தான் வைச்சிருக்கிறாங்கள்,” என்றாள் மேரிறோஸ், சட்டத்தைத் தான்தான் எழுதியவள் மாதிரி.

பெனடிக்ற் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அவனுக்கு உள்ளுக்குள் இரண்டு விதமாக இருந்தது. தன்னோடு வருவதற்காக ஒருத்தி இவ்வளவு தூரம் யோசித்திருக்கிறாளே என்று நெஞ்சு நிறைந்தது. இவள் பாஸ் பண்ணி நான் பெயில் விட்டால் நான் எங்கே முகத்தை வைப்பது என்றும் இருந்தது. வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் கேட்டிருக்கக்கூடும். அவன் சொல்லவில்லை. எனக்கு அவனில் பிடித்தது அதுதான்.

அவளும் பழகினாள். சைக்கிள் ஓடி வளர்ந்த கால்கள், சமநிலை பற்றிக் கவலை இல்லை. கிளச்சும் கியரும்தான் முதல் இரண்டு கிழமை அவளைப் படுத்தி எடுத்தன. வண்டி துள்ளும், நிற்கும். விழமாட்டாள். “உனக்கு இப்ப என்ன வேணும்?” என்று வண்டியைத் தமிழில் கேட்பாள். மூக்குச் சிவந்தவர் என்னவென்று கேட்டால் அதற்கு ஆங்கிலம் சொல்வாள். ஒருநாள் கூம்புகள் ஒன்றையும் தட்டாமல் கடைசிவரை வளைந்து வந்து, ஹெல்மெற்றைக் கழற்றிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். கலியாணம் ஆகி மூன்று மாதம். அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. பலகைச் சுவர் இல்லாத இடத்தில் இவள் வேறு ஆள் என்று அவனுக்குத் தெரிந்தது.

ஆடியில் அவனுக்கு இரண்டாவது டெஸ்ற். இந்த முறை வலது கையை நினைவில் வைத்திருந்தான். கோயில் வருகிறது, வருகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிடியை இறுக்கினான். கோயில் போயிற்று. கை அசையவில்லை. வென்றுவிட்டேன் என்று மூச்சை விட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குத் திரும்பினான். அங்கே ஒரு பழைய கோபுரமும் உச்சியில் சிலுவையும் நின்றன. கை போய்விட்டது. அது கோயில்கூட இல்லை. கோயிலாக இருந்து கைவிடப்பட்டு, கம்பளம் விற்கிற கடையாகிவிட்ட கட்டடம். முன்னால் பெரிய எழுத்தில் மலிவு விற்பனை என்று போட்டிருந்தார்கள். பரீட்சகர் அதே மனிதர். இந்தத் தடவை அவர் கேள்வி கேட்காமலே பெயில் என்றார்.

அடுத்த தவணை ஐப்பசியில்தான் கிடைத்தது. லைசன்ஸ் அதற்கு முன்னமே முடிந்துவிடும், அது அவனுக்கு உதவாது. வீட்டுக்கு வந்து வண்டியைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, முன்னறைக் கட்டிலில் கிடந்தான். அவமானமாக இருந்தது. கம்பளக் கடைக்குச் சிலுவை போட்டவன் என்று யேசுரட்ணம் போகிற இடமெல்லாம் சொல்லத் தொடங்கியிருந்தார். மேரிறோஸ் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். எப்படி நடந்தது என்று முழுக்கக் கேட்டாள். கோபுரம் எந்தப் பக்கம், தெரு எவ்வளவு அகலம், பரீட்சகர் எந்த மூலையில் நின்றார் என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் எழும்பினாள்.

அவளுடைய டெஸ்ற் புரட்டாதி நடுவில் வந்தது. அதே இடம், அதே பரீட்சகர். பெனடிக்ற் தெரு மூலையில் ஒரு தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். வண்டி சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சந்தியிலும் ஹெல்மெற் இடம் வலம் பார்த்தது. கோயிலைக் கடந்தது, கம்பளக் கடையையும் கடந்தது. இரண்டு கையும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பரீட்சகர் கையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியபோது கச்சிதமாக நிறுத்தினாள். பிறகு அவர் குனிந்து ஏதோ சொல்ல, அவள் தலையை ஆட்டுவது தெரிந்தது. பெனடிக்ற் ஓடிப் போனான்.

“பாஸ்,” என்றாள்.

அவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். எரிச்சல் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை அவன் பின்னாளில் நினைத்து நிம்மதிப்பட்டான். வாழ்த்துச் சொன்ன பிறகு அவனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“கோயிலைக் கடக்கேக்கை என்ன செய்தனீர்?”

“ஒண்டும் செய்யேல்லை. புறப்படேக்கையே எல்லாக் கோயிலுக்கும் சேர்த்துச் சிலுவை போட்டிட்டன்.”

இவ்வளவு சின்ன விஷயம். இரண்டு டெஸ்ற், இரண்டு வருஷம், பங்கு முழுக்கக் கேலி. அவன் தலைக்கு இது ஏன் ஏறவில்லை?

புரட்டாதியின் கடைசி ஞாயிறு நல்ல வெயில். பெனடிக்ற்றின் லைசன்ஸுக்கு அந்தக் கிழமையோடு ஆயுள் முடிகிறது. பூசை முடிந்து வந்து இரண்டு எல் தட்டுகளையும் இறுக்கிக் கட்டினான். ஓடப் போகிறவன் பழகுகிறவன். பின்னால் இருக்கப் போகிறவள் பாஸ் பண்ணியவள். கத்தரின் அக்கா யன்னல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேரிறோஸ் காற்சட்டை போட்டு, ஹெல்மெற் மாட்டி, ஏறி இருந்தாள். இருந்ததும் தன் கைப்பையை இருவருக்கும் நடுவில் வைத்தாள். இரண்டு கையாலும் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெனடிக்ற் இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை மாதம் அவன் கண்ட கனவில் கைப்பை இருக்கவில்லை.

போகிற வழியில் அவள் பின்னாலிருந்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். ஹெல்மெற்றுக்குள் அவனுக்கு எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஓம் ஓம் என்று தலையை ஆட்டினான். பேசத்தான் இவ்வளவு பாடும் பட்டது. இப்போது காது கேட்கவில்லை. அவனுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

வூலிச் பெரியில் ஏறி எஞ்சினை நிறுத்தினார்கள். இறங்கி, ஹெல்மெற்றுகளைக் கழற்றி, வண்டியின் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஆறு பழுப்பாக ஓடியது. பக்கத்தில் லொறிகள், முன்பின் தெரியாத முகங்கள். தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லை. கரை வருவதற்குள் கேட்டால்தான் உண்டு என்று பெனடிக்ற்றுக்குத் தோன்றியது.

“படத்தைப் பாத்திட்டு ஏன் ஓம் எண்டனீர்?”

மேரிறோஸ் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அந்த வெள்ளை மூலை என்னெண்டு வீட்டில பெரிய சண்டை. கடைக்காரன்ர வண்டி, விலைச்சீட்டை மறைக்கிறார், ஆள் பொய்க்காரன் எண்டு தம்பி சொன்னான். எங்கட ஐயா, ஆளுக்குக் கால் முறிஞ்சு கட்டுப் போட்டிருக்கு எண்டார். எனக்கு அது என்னெண்டு தெரியவேணும் போல இருந்துது.”

“அதுக்காகவோ வந்தனீர்?”

“வேற என்னத்தை வைச்சு யோசிக்கிறது? உங்களை எனக்குத் தெரியாதே. ஒரு மனிசன் ஒண்டை மறைக்கப் பாத்து, அதையும் வடிவா மறைக்கத் தெரியாமல் நிக்கிறார். பெரிய பொய் இவருக்கு வராது எண்டு நினைச்சன்.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கரை வந்துவிட்டது, லொறிகள் எஞ்சினைப் போட்டன. நல்ல காலம், ஹெல்மெற் இருந்தது.

வூலிச்சைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. முதலில் நாலாம் கியர் போதவில்லை, பிறகு மூன்றாம் கியர் போதவில்லை. ஷூட்டர்ஸ் ஹில் நிமிர்ந்து வந்தபோது இரண்டாம் கியரில் வண்டி உறுமியது. நகர்வது குறைந்துகொண்டே போயிற்று. பின்னால் வந்த பஸ் அவர்களைக் கடக்கவும் முடியாமல் பொறுக்கவும் முடியாமல் ஹோர்ன் அடித்தது. பெனடிக்ற் உடம்பை முன்னால் சாய்த்துப் பார்த்தான். ஆள் முன்னால் சாய்வதால் எஞ்சினுக்கு என்ன வந்தது? சூடேறிய எண்ணெய் மணம் வந்தது. இருக்கை இரண்டு பேருக்கு என்றாலும் எஞ்சினின் வலு ஒருவருக்குத்தான். அரிசி மூட்டையோடு சமதரையில் ஓடும். இரண்டு பேரோடு குன்றேறச் சொன்னால் அது பாவம் என்ன செய்யும்?

மேரிறோஸ் அவன் தோளில் தட்டினாள். ஓரம் கட்டினான்.

“நீங்கள் போங்கோ. நான் நடந்து வாறன்.”

அவள் இறங்கியதும் வண்டி துள்ளிக்கொண்டு ஏறியது. அந்த உற்சாகம் அவனைச் சுட்டது. மேலே போய் அங்கிருந்த பூங்காவின் ஓரத்தில் நிறுத்தினான். முன்னால் புல்வெளி சரிந்து இறங்க, அப்பால் லண்டன் முழுவதும் கிடந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. தனியாகப் பார்ப்பதற்காகவா வந்தான்? முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி நின்றான். வெறும் இருக்கையில் அவளுடைய கைப்பை மட்டும் இருந்தது. நெடுநேரம் கழித்து, ஹெல்மெற்றைக் கழற்றாமலே, மூச்சிரைக்க அவள் ஏறி வந்தாள்.

இரண்டு பேரும் சேர்ந்து திரும்பினார்கள். ஆறு எங்கே, பெரி எங்கே, அந்த உயரமான இரும்புத் தொட்டிகள் என்ன, எங்கள் வீடு எந்தப் பக்கம் என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். அவன் கையை நீட்டிச் சொன்னான். பாதி அவனுக்கே தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே சொன்னான்.

பிறகு அவன் வண்டிக்குப் போய்க் குனிந்து, முன் தட்டையும் பின் தட்டையும் அவிழ்த்தான். அவளுடைய கைப்பையைத் திறந்து இரண்டையும் உள்ளே வைத்தான். வண்டியின் திறப்பை எடுத்து அவளிடம் நீட்டினான்.

“வண்டியை நீர் ஓடும்.”

“உங்களுக்கு இன்னும் நாலைஞ்சு நாள் கிடக்கு. கவலையில்லையோ?”

“கவலைதான்,” என்றான். “எண்டாலும் நீர் ஓடும்.”

அவள் கைப்பையைக் கழுத்தில் குறுக்கே மாட்டிக்கொண்டாள். ஏறுவதற்கு முன் நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டாள். பெனடிக்ற் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் வண்டியின் பின் இருக்கையில் இருந்தான். அரிசி இருந்த இடம். அங்கிருந்து பார்க்கத் தெரு வேறு மாதிரி இருந்தது. சந்தியைப் பார்க்க வேண்டியதில்லை, கியரை நினைக்க வேண்டியதில்லை, வீட்டுக் கூரைகளையும் ஆட்களின் முகங்களையும் ஆற அமரப் பார்க்கலாம். அவன் கௌரவமாகப் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். இறக்கத்தில் அவள் முதல் தடவை பிரேக் பிடித்தபோது கௌரவம் வழுக்கிக்கொண்டு போய் அவள் முதுகில் மோதியது.

“என்னைப் பிடியுங்கோ,” என்று அவள் பலமாகச் சொன்னாள். இறக்கத்தில் எஞ்சின் சத்தம் குறைவு. நன்றாகக் கேட்டது.

பிடித்தான். பட்டப்பகலில், நடுத்தெருவில், பெண்சாதியின் இடுப்பை. காது சூடாகியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

குன்றின் அடியில் ஒரு கோயில் வந்தது. வலது கை தன்பாட்டில் எழுந்தது. இப்போது யார் தடுக்க? நெற்றி, நெஞ்சு, இடத் தோள், வலத் தோள் என்று நிதானமாகப் போட்டான். ஒரு காரும் ஹோர்ன் அடிக்கவில்லை.

“ஏன் கையை எடுத்தனீங்கள்?”

“கோயில்.”

“விழப்போறியள். பிடியுங்கோ.”

திரும்பப் பிடித்தான். வூலிச்சுக்குள் இறங்கும்போது இன்னொரு கோயில் வந்தது. உண்மையான கோயில்தான், கம்பளக் கடை இல்லை. மணிக்கூண்டும் சிலுவையும் தெளிவாகத் தெரிந்தன. விரல் நுனிகள் துடித்தன. அவன் தலையை மட்டும் குனிந்தான். ஆண்டவருக்கு விளங்கும் என்று நினைத்தான். இரண்டு டெஸ்ற்றிலும் பிடியில் நிற்க மறுத்த அந்தக் கை, மேரிறோஸின் இடுப்பில் வைத்த இடத்திலேயே இருந்தது.